வராதவரிடம் அபராதமா, வருவதற்கு முன்பே முன்பணமா? பல் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு

"அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வராதவங்களுக்கு 300 ரூபாய் போடலாம்னு இருக்கேன், சரியா வருமா?" சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடுகிறது. வெளிநாட்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்றால் கேள்வியாகவே வராது. போர்டு எழுதக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

மதுரையில் இரண்டு நாற்காலி உள்ள ஒரு கிளினிக்கின் முன்மேசையில் நோட்டையும் போனையும் பார்த்துக்கொள்பவள் நான். எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வராததற்கு அபராதம் என்பது வாராக்கடன். முன்பணம் வேறு விஷயம், ஆனால் அதுவும் சில வேலைகளுக்குத்தான். மற்றதற்கெல்லாம் முந்தின நாள் ஒரு போன் போதும். பேஷன்ட் யார் என்று பார்த்து முடிவு செய்யாமல், காலியாகப் போகும் நேரம் எப்படிப்பட்டது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒருவர் வரவில்லை என்றால் உண்மையில் என்ன போகிறது? பொருள் பெரிதாக வீணாவதில்லை. ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போட்டு எடுத்த பவுச்சைப் பிரிக்காதவரை அது அப்படியே இருக்கும், அடுத்தவருக்கு ஆகும். மரப்பு ஊசி மருந்தும் அப்படித்தான். போவது நாற்காலியின் நேரம். அது காலியாகக் கிடந்தாலும் வாடகையும் உதவியாளர் சம்பளமும் நிற்காது. ஆனால் எல்லா நேரத்துக்கும் ஒரே விலை கிடையாது. பத்து நிமிஷ செக்கப்புக்கு வர வேண்டியவர் வராவிட்டால், வெளியே உட்கார்ந்திருப்பவரை உள்ளே கூப்பிட்டால் போயிற்று. சொல்லப்போனால் சில நாள் அது டாக்டர் டீ குடிக்கக் கிடைத்த நேரம்.

வலிப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கன்சல்டன்ட் வரும் நாள். ரூட் கேனல் ஸ்பெஷலிஸ்ட் ஞாயிறு காலை மட்டும் வருவார்; க்ளிப் டாக்டர் மாதத்தில் இரண்டு நாள் வருவார். அவரை நம்பி நான்கு பேரை வரச் சொல்லியிருப்போம். இரண்டு பேர் வரவில்லை என்றால் அவர் வந்துபோன பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. நம்மிடம் முகம் சுளிக்க மாட்டார், அடுத்த மாதம் வேறு கிளினிக்குக்கு அந்த ஞாயிறைக் கொடுத்துவிடுவார். இன்னொன்று கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை. பல்லைச் செதுக்கி அளவெடுத்து லேபுக்கு அனுப்பியாகிவிட்டது. லேப் பையன் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பில்லையும் வைத்துவிட்டுப் போவான். பேஷன்ட் வரவில்லை. வாரங்கள் ஓடிவிட்டால் தற்காலிகக் கேப் கழன்று, பக்கத்துப் பற்கள் கொஞ்சம் நகர்ந்து, லேபிலிருந்து வந்த கேப் உட்காராது. மறுபடி அளவு, மறுபடி லேப் செலவு, அதை யார் கொடுப்பது என்ற சண்டை. எங்கள் கிளினிக் அலமாரியில் பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்கள் ஒரு வரிசையே இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் உள்ளே சீவி மெருகேற்றிய பல், யார் வாய்க்கும் சேராமல்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

அபராதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அமெரிக்காவில் தனியார் பல் மருத்துவமனைகளில் இது சர்வசாதாரணம். முதல் நாளே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் இவ்வளவு டாலர் என்று அதில் இருக்கும். பல இடங்களில் கார்டு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே பல் சிகிச்சைக்கான குறியீட்டுப் பட்டியலில் வராத அப்பாயின்ட்மென்டுக்கு டி9986, ரத்தானதற்கு டி9987 என்று தனி எண்களே உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக இதற்குப் பணம் தருவதில்லை, பேஷன்ட் கையிலிருந்துதான் போகும். ஆனால் அதே அமெரிக்காவில், ஏழைகளுக்கான மெடிக்எய்டு திட்டத்தில் வருபவரிடம் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது. இங்கிலாந்தில் அரசுத் திட்டமான என்.எச்.எஸ்.ஸில் பல் பார்க்கும் மருத்துவர்களுக்கு 2006 ஏப்ரல்வரை இந்த உரிமை இருந்தது. புது ஒப்பந்தம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவர்கள் தொடர்ந்து வராதவரின் சிகிச்சையை நிறுத்தலாம், அபராதம் போட முடியாது. தனியாராகப் பார்ப்பவரிடம் வாங்கலாம். 2022இல் ரிஷி சுனக் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, டாக்டரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்டைப் பேஷன்ட் தவறவிட்டால் 10 பவுண்டு என்று அறிவித்தார். பிரதமரானதும் அதைக் கைவிட்டுவிட்டார்.

அபராதம் போட்டால் பலன் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. டென்மார்க்கில் ஒரு அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் 250 குரோனர் அபராதம் வைத்துப் பார்த்தார்கள். வராதவர்கள் 100க்கு 7 பேராக இருந்த இடத்தில் 5 பேரானார்கள். வசூலிக்கும் வசதி முழுதாக உள்ள நாட்டிலேயே அவ்வளவுதான். இதற்கு எதிர்ப்பக்கம் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் நடந்த ஒரு சோதனை. அது பல் மருத்துவமனை இல்லை, குழந்தைகள் காப்பகம். மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். லேட்டாக வருவது குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை 'அந்த டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்று உறுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, காசு கொடுத்ததும் உறுத்தல் போய்விட்டது. 2000இல் வெளியான ஆய்வு அது. கிளினிக்குக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'டாக்டர் தப்பா நினைப்பாரே' என்று ஓடிவரும் ஆட்கள் நம்மிடம் நிறைய. அந்த நினைப்புக்கு 300 ரூபாய் என்று விலை ஒட்டுவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வசூல். இங்கே யாருடைய கார்டும் நம்மிடம் இல்லை. பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸும் இல்லை. வேலை முடிந்தபின் கவுன்டரில் ரொக்கமோ ஜிபேயோ. அப்படியென்றால் போன தடவை வராததற்கான 300ஐ எப்போது கேட்பது? அடுத்த தடவை வரும்போது. அடுத்த தடவை கேட்பார்கள் என்று தெரிந்தால் அவர் அடுத்த தடவை ஏன் வருகிறார்? எதிர்த் தெருவிலேயே இன்னொரு பல் கிளினிக் இருக்கிறது.

சரி, அங்கேயாவது போனால் பரவாயில்லை. எங்கும் போகாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நம் ஊரில் பல் அப்பாயின்ட்மென்டைத் தவறவிடுவதற்கு நான் கேட்கும் முதல் காரணம் மறதி இல்லை, வலி போய்விட்டது. ரூட் கேனலின் முதல் சிட்டிங்கில் நரம்பை எடுத்து மருந்து வைத்து மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்புவோம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"அண்ணே, நாளைக்குப் பதினோரு மணிக்கு வரணும், ஞாபகம் இருக்கா?"

"இப்ப ஒண்ணும் பண்ணலம்மா. நல்லா இருக்கு. வலிச்சா வர்றேன்."

அந்தத் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அதன் ஓரமாக எச்சில் இறங்கினால் கிருமியும் இறங்கும். உள்ளே குடைந்து, மேலே கேப் இல்லாமல் இருக்கும் பல் ஒரு முறுக்கைக் கடித்தால் இரண்டாகப் பிளந்துவிடலாம். அப்புறம் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இப்படிப்பட்டவர் மூன்று மாதம் கழித்துத் தயங்கித் தயங்கிப் படியேறும்போது, மேசையில் நான் அபராதப் பாக்கியை நீட்டினால் அவர் திரும்பிப் போய்விடுவார். வராமல் இருப்பதற்கு ஏற்கெனவே பயமும் வெட்கமும் காசும் காரணமாக இருக்கும் ஒருவருக்கு நாமே நான்காவதாக ஒன்றைக் கொடுத்த மாதிரி. எனக்கு அபராதத்தின் மேல் உள்ள முக்கியமான புகார் இதுதான். வருமானக் கணக்கெல்லாம் அப்புறம்.

அடுத்தது நினைவூட்டல் மட்டும். செலவே இல்லாத வழி என்பதால் பலர் இதை ஒரு வழியாகவே மதிப்பதில்லை. லண்டனில் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தில் குறுஞ்செய்தியின் வாசகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான செய்தி போனவர்களில் 11.1 சதவீதம் பேர் வரவில்லை. 'நீங்கள் வராவிட்டால் எங்களுக்குச் சுமார் 160 பவுண்டு செலவு' என்று சேர்த்து அனுப்பியபோது அது 8.4 சதவீதமானது. 2015இல் வெளியான இந்த முடிவையும் டென்மார்க் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவமனைகள் வேறு, நாடு வேறு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஒரு வரி எழுதியதற்குக் கிடைத்தது, அபராதம் போட்டு வசூலித்ததற்குக் கிடைத்ததை விடக் குறைவில்லை.

நம் ஊரில் இதைச் செய்வதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. நோட்டில் உள்ள போன் எண் பேஷன்டுடையதா என்று முதலில் பாருங்கள். பாட்டிக்குப் பல்செட் அளவு. எண் பெங்களூரில் இருக்கும் மகனுடையது. அவர் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பாட்டிக்குச் செய்தி போகாது. பாட்டியைக் கூட்டிவருபவர் யாரோ அவர் எண்ணை வாங்க வேண்டும். அது பெரும்பாலும் மருமகளோ பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரோ. இரண்டாவது, காலண்டர். நாள் கொடுக்கும்போதே தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். பெரிய முகூர்த்த நாளில் கொடுத்த அப்பாயின்ட்மென்டில் பாதி வராது. அமாவாசையன்று பல் பிடுங்க ஒத்துக்கொண்டு போகிறவர் வீட்டில் பெரியவர்களிடம் சொன்னதும் மனம் மாறிவிடுவார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையில் யாரையும் வரச் சொல்வது நம் தப்பு, அவர்கள் தப்பு இல்லை. ப்ளஸ் டூ பரீட்சை சமயத்தில் க்ளிப் போட்ட பிள்ளைகளும் அப்படித்தான்.

மூன்றாவது, செய்தி வெறும் தகவலாக இல்லாமல் பதில் கேட்பதாக இருக்க வேண்டும். நாங்கள் அனுப்புவது இது:

"வணக்கம். நாளை (வியாழன்) காலை 11 மணிக்கு உங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வருவீர்கள் என்றால் 'சரி' என்று பதில் அனுப்பவும். முடியாவிட்டால் இன்று மாலை 6க்குள் சொன்னால் வலியோடு காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த நேரத்தைக் கொடுப்போம்."

சரி என்று அனுப்பியவர் அநேகமாக வந்துவிடுவார். பதில் வராதவர்களுக்கு மட்டும் ஆறு மணிக்கு மேல் போன். போனில் பேசும்போதுதான் "வலி இல்லம்மா" என்பது வெளியே வரும். அப்போது டாக்டரிடம் போனைக் கொடுத்துவிடுவேன். பாதியில் விட்டால் பல் என்னாகும் என்று அவர் ஒரு நிமிஷம் சொன்னால் அதற்குப் பலன் இருக்கிறது, நான் பத்து நிமிஷம் சொன்னாலும் இல்லை.

நினைவூட்டலின் குறை என்னவென்றால், வேண்டுமென்றே வராதவரை அது ஒன்றும் செய்யாது. இரண்டு கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்துக்கொண்டு விலை குறைந்த இடத்துக்குப் போகிறவர் 'சரி' என்றும் அனுப்புவார், வரவும் மாட்டார். அங்கேதான் முன்பணம் வருகிறது.

முன்பணத்தை அபராதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அபராதம் என்பது போன பின் கேட்பது, அதுவும் ஒன்றும் கொடுக்காமல் கேட்பது. முன்பணம் அவருடைய பில்லிலேயே கழிந்துவிடும். வந்தால் அவருக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய ஊர் இது. "கேப்புக்கு லேபுக்கு அனுப்பணும், பாதி கட்டிருங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "செக்கப்புக்கு 200 அனுப்புங்க, அப்பத்தான் டைம் போடுவோம்" என்றால் போனை வைத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத கிளினிக்குக்கு முகம் பார்க்காமல் யார் பணம் அனுப்புவார்கள்?

அதனால் முன்பணம் மூன்று இடத்தில்தான்: லேப் வேலை உள்ளது, கன்சல்டன்ட் வரும் நாள், ஒரு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியைப் பிடிக்கும் வேலை. லேப் வேலை என்றால் குறைந்தது லேப் செலவு அளவுக்கு. மற்ற இரண்டுக்கும் சிகிச்சைச் செலவில் ஒரு சின்னப் பங்கு. 5,000 ரூபாய் வேலை என்று வைத்துக்கொண்டால் 500 போதும். தொகை பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் ஜிபே செய்கிற அந்த நொடியில்தான் அப்பாயின்ட்மென்ட் அவர் மனதில் உறுதியாகிறது.

வராவிட்டால் அந்த 500ஐ வைத்துக்கொள்ளலாமா? சட்டம் இதில் கொஞ்சம் பேசுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குத் தண்டம் போடுவதையும் அளவுக்கு மீறி வைப்புத்தொகை கேட்பதையும் நியாயமற்ற ஒப்பந்தத்தில் சேர்க்கிறது. கட்டணம் வாங்கிப் பார்க்கும் மருத்துவர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே கேப் செய்து வந்துவிட்டது, லேப் பில்லைக் காட்ட முடியும் என்றால் அந்தத் தொகையை வைத்துக்கொள்வதை நியாயப்படுத்தலாம். வெறும் நாற்காலி காலியாக இருந்ததற்கு 5,000ஐ முழுங்கினால் நியாயப்படுத்த முடியாது. எப்படியிருந்தாலும் வாங்கும்போதே தமிழில் எழுதிக் காட்டி, ரசீதும் கொடுத்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, "நீங்கதானே சார் சைன் பண்ணீங்க" என்று பின்னால் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நடைமுறையில் நான் முதல் தடவை எதையும் பிடிப்பதில்லை. முன்பணம் அடுத்த தேதிக்கு நகர்ந்துவிடும். இரண்டாவது தடவையும் சொல்லாமல் விட்டால்தான் போகும். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டிரைக், அடைமழை என்றால் எந்தத் தடவையாக இருந்தாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. பொய் சொல்வார்களே என்றால், சொல்வார்கள்தான். 500 ரூபாய்க்காகத் தாத்தாவை இரண்டாவது முறை சாகடிக்கிறவர் முகத்தை நான் மறப்பதில்லை.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று. காலை எட்டு மணிக்குப் போன் செய்து "பதினோரு மணிக்கு வர முடியாது" என்று சொல்பவரையும், சொல்லாமலே விடுபவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 24 மணி நேர விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் இருவருக்கும் ஒரே தண்டனை. அப்புறம் எட்டு மணிக்கு எவர் போன் செய்வார்? அந்த மூன்று மணி நேரத்தில் வலியோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை நான் உள்ளே கொண்டுவர முடியும். லேட்டாகவாவது சொல்பவருக்கு எதையும் பிடிக்காதீர்கள். நன்றி சொல்லி அடுத்த தேதியைப் போடுங்கள்.

கூடுதலாகப் பதிவு செய்வது, அதாவது சிலர் எப்படியும் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்வது, பல இடங்களில் சொல்லாமல் நடக்கிறது. செக்கப், க்ளீனிங் போன்ற சின்ன வேலைகளுக்கு ஓரளவு ஒத்துவரும். ரூட் கேனலுக்கு இரண்டு பேரும் வந்து நின்றால் ஒருவர் ஒன்றரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருப்பார், அடுத்த தடவை அவரும் ஒன்றரை மணி நேரம் லேட்டாகத்தான் வருவார். டோக்கன் முறைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, வந்தவருக்கு வரிசை. சின்ன ஊரில், பெரும்பாலும் பல் பிடுங்குவதும் அடைப்பதும்தான் வேலை என்றால் அப்பாயின்ட்மென்டே வேண்டாம் என்பேன். க்ளிப் கேஸ் தனி. மாதத் தவணையும் மாத விசிட்டும் சேர்ந்தே போவதால், வராவிட்டால் சிகிச்சை நீளும் என்பதைப் பிள்ளையிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னால் போதும்.

மூன்று நான்கு முறை ஏமாற்றியவரை என்ன செய்வது? பேஷன்டை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நேரம் குறித்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். "எப்ப வேணா வாங்கண்ணே, காலி இருந்தா உடனே பாத்துருவாங்க" என்று சொன்னால் அவருக்கும் மரியாதைக் குறைவில்லை. வலி வந்தால் அவர் வரலாம், யாருடைய ஞாயிறும் கெடாது.

ஆக, எங்கள் மாதிரி கிளினிக்குக்கு என் தேர்வு: லேப், கன்சல்டன்ட், நீண்ட வேலை மூன்றுக்கும் சின்ன முன்பணம்; மற்ற எல்லாவற்றுக்கும் முந்தின நாள் செய்தியும் போனும்; அபராதம் எதற்கும் இல்லை. பெருநகரத்தில் ஐ.டி. ஆட்கள் மட்டுமே வரும், ஆப்பில் பணம் கட்டிப் பதிவு செய்யும் கிளினிக் என்றால் கணக்கு மாறும். அங்கே ரத்துக் கட்டணம் வசூலாகும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், போர்டில் எழுதுவதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பேஷன்ட் 15 நிமிஷம் தாமதித்தால் அப்பாயின்ட்மென்ட் ரத்து என்று எழுதினால், டாக்டர் 45 நிமிஷம் தாமதித்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். கேட்பது என்னிடம். எங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அரை மணிக்கு மேல் காக்க வைத்தால் அன்றைய கன்சல்டேஷன் ஃபீஸ் வேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதி மாட்டியிருக்கிறோம். ஞாயிறுகளில் மட்டும் அது செல்லாது என்று கன்சல்டன்ட் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.